கச்சேரி அறிக்கையும் கொப்பித்தாள் பத்திரிகையும்

2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏ9 வீதி மூடிக் கிடந்த போர்க்காலம் அது. ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. 1918க்குப் பிறகு குடாநாடு கண்ட மிகப் பெரிய மழை என்று வானிலைப் பதிவுகளை வைத்துச் சொன்னார்கள். தொண்ணூறு ஆண்டுக்கு முந்திய ஒரு மழையின் அளவை யாரோ ஓர் ஊழியர் அன்றைக்குப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைத்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

ஆனால் 1918 மழையில் எந்தக் குளம் உடைத்தது, எந்த வீதியை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனது, சனம் எந்தக் கோயில் மண்டபத்தில் ஒதுங்கியது என்பதையெல்லாம் மழைமானி சொல்லாது. அதைத் தேடுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, வடமாகாண அரசாங்க அதிபரின் அந்த ஆண்டு நிருவாக அறிக்கை. மற்றது அன்று யாழ்ப்பாணத்தில் வெளிவந்துகொண்டிருந்த உதயதாரகை, சத்தியவேத பாதுகாவலன், இந்துசாதனம், அதன் ஆங்கிலத் துணையான ஹிந்து ஓர்கன் ஆகியவற்றின் இதழ்கள். இவ்விரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கக்கூடிய வசதி நம் ஊரில் ஒருவருக்கு இருக்குமானால், வடிகால் வெட்டும் பொறியியலாளர் முதல் ஊர் வரலாறு எழுதும் ஆசிரியர் வரை எத்தனையோ பேருக்குப் பயன்படும். எண்ணிம நூலகம் என்று நாம் பேசுகிறபோது என் மனத்தில் இருப்பது அந்த மேசைதான்.

அரசாங்க அறிக்கைகளை நாம் நூலாக மதிப்பதில்லை. அட்டை அழகில்லை, ஆசிரியர் பெயர் பெரிதாக இராது, கடையில் விற்பனைக்கும் வராது. ஆனால் இந்தக் குடாநாட்டைப் பற்றிய மிக நீண்ட தொடர்ச்சியான எழுத்து அவைதான். பேர்சிவல் டைக் 1829இலிருந்து 1867 வரை இங்கே அதிபராக இருந்தார். வில்லியம் துவைனம் 1869இலிருந்து 1896 வரை இருந்தார். இவர்கள் காலத்து அறிக்கைகளிலும் நாட்குறிப்புகளிலும் மழை, நெல் விளைச்சல், வாந்திபேதி, அம்மை, புகையிலை வியாபாரம், வீதி வேலை, குற்றச்செயல் என்று ஆண்டுக்காண்டு அடுக்கிக் கிடக்கிறது. அதிகாரியின் கண்ணால் பார்த்த யாழ்ப்பாணம் என்பதை மறக்கக் கூடாது. வரி கட்டியவனின் குரல் அதில் அரிதாகவே கேட்கும். அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை குடிசன மதிப்பீட்டு அறிக்கைகள். 1871இல் நாடளாவிய முதல் கணக்கெடுப்பு நடந்தது. 1901 அறிக்கையைப் பொன்னம்பலம் அருணாசலம் எழுதினார். புள்ளிவிபரத்தோடு சமூக வரலாற்றையும் சேர்த்துச் சொன்ன எழுத்து அது. 1981இல் எடுத்த கணக்குக்குப் பிறகு வடக்கில் முழுமையான கணக்கு 2012இல்தான் எடுக்கப்பட்டது. இடையில் முப்பத்தொரு ஆண்டு வெற்றிடம். 2001இல் எடுத்த கணக்கு வடக்கு கிழக்கில் முழுமை பெறவில்லை.

அந்த வெற்றிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? அந்தக் காலத்தில் கச்சேரி என்ற அரசாங்க அதிபர் அலுவலகமும் திணைக்களங்களும் றோனியோவில் உருட்டிய இடப்பெயர்வுக் கணக்குகள், நிவாரண அட்டவணைகள், விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் பருவ அறிக்கைகள், பனை அபிவிருத்திச் சபையின் ஆய்வுகள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் தட்டச்சுப் பிரதிகள் இவைதான் ஆதாரம். பத்துப் பிரதி, இருபது பிரதி என்றே இவை வெளிவந்தன. ஓய்வுபெற்ற அதிகாரிகள் வீட்டு அலுமாரிகளில் சில இருக்கும். அலுவலகங்கள் இடம்பெயர்ந்தபோது பல வழியிலேயே போயின.

பத்திரிகைகளின் கதை இன்னும் வேதனையானது. 1841 ஜனவரி 7ஆம் திகதி அமெரிக்க மிஷனார் உதயதாரகையைத் தொடங்கினர். 1876இல் கத்தோலிக்கரின் பாதுகாவலன் வந்தது. 1889இல் சைவ பரிபாலன சபை இந்துசாதனத்தைத் தொடங்கியது. 1930இல் நா. பொன்னையாவின் ஈழகேசரி வந்து 1958 வரை ஓடியது. ஈழத்துச் சிறுகதையின் ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது. 1959இல் வார இதழாகத் தொடங்கிய ஈழநாடு 1961இல் நாளேடாகிக் கொழும்புக்கு வெளியே இருந்து வந்த முதல் நாளேடு என்ற பெயரைப் பெற்றது. 1985இல் உதயன் வந்தது. இத்தனை நீண்ட பத்திரிகை மரபுள்ள ஊரில் முழுத் தொடராக ஒரு பத்திரிகையைக் காண்பது ஏன் இவ்வளவு கடினம்?

பாதிக் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அவற்றோடு பழைய பத்திரிகைத் தொகுதிகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் கொளுத்தப்பட்டது. குடிசனக் கணக்கு எடுத்த அதே ஆண்டில் நாம் நூலகத்தையும் பத்திரிகை அலுவலகத்தையும் இழந்தோம். மற்றப் பாதிக் காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. பத்திரிகையை நாம் வாசித்து முடித்ததும் கொப்பிக்கு உறை போட்டோம், றங்குப்பெட்டியில் உடுப்புக்கு அடியில் விரித்தோம், கடைக்காரருக்கு நிறுத்துக் கொடுத்தோம். நெருப்புக்குத் தப்பியதைக் கறையானும் ஈரமும் தின்றன. ஒரு செய்தி சொல்ல வேண்டும்: றங்குப்பெட்டியில் விரித்த தாள்தான் சில வேளை இன்று கிடைக்கும் ஒரே பிரதி. வெளிச்சம் படாமல் கிடந்ததால் அது நன்றாகவே இருக்கும்.

இந்த இழப்பின் பின்புலத்தில்தான் 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்கள் தொடங்கிய நூலகத் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கிய நூல்களைத் தட்டச்சுச் செய்து வலையேற்றிக்கொண்டிருந்தது. ஈழத்து ஆவணங்களுக்குத் தட்டச்சு கட்டுபடியாகாது என்பதை இவர்கள் விரைவிலேயே உணர்ந்தார்கள். நூலை அப்படியே மின்வருடி, படிமமாகத் தருவது என்ற முடிவு எடுத்ததால்தான் நூலோடு சஞ்சிகை, பத்திரிகை, துண்டுப் பிரசுரம், கோயில் மலர், பாடசாலை மலர் என்று எல்லாம் உள்ளே வந்தன. இன்று நூலக நிறுவனமாக வளர்ந்து, ஒலி, ஒளிப்பட ஆவணங்களுக்கு ஆவணகம் என்ற தனித் தளத்தையும் நடத்துகிறது. ஈழத்து ஆய்வு எதுவாயினும் முதலில் அங்கே தேடிப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பாலும் புலம்பெயர்ந்தோரின் நன்கொடையாலும் நடந்த வேலை இது. அரசு செய்திருக்க வேண்டியதை ஊரார் செய்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

வேலையின் கடினம் வெளியே தெரிவதில்லை. பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழால் ஆனது. அமிலம் ஏறி மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடிந்துவிடும். விரித்த பத்திரிகை சாதாரண மின்வருடியில் அடங்காது. மேலிருந்து படம் பிடிக்கும் கருவி வேண்டும். அதைவிடப் பெரிய பாடு பொருளாதாரத் தடைக் காலத்து இதழ்கள். தொண்ணூறுகளில் பத்திரிகைத் தாள் குடாநாட்டுக்குள் வராதபோது, கொப்பி அடிக்கும் கோடிட்ட தாளிலும் கிடைத்த வேறு தாள்களிலும் நாளிதழ்கள் அச்சாகின. அப்படியொரு இதழை மேசையில் வைத்துப் பாருங்கள். நீலக் கோடுகள் செய்தியின் ஊடே ஓடுகின்றன. மை போதாமல் ஒரு பத்தி மங்கி, அடுத்த பத்தி அப்பியிருக்கிறது. மரண அறிவித்தல்களின் எழுத்து எறும்பளவு. மனிதக் கண் சற்று முயன்றால் வாசித்துவிடும். எழுத்துணரி மென்பொருளோ கோட்டை எழுத்தின் காலாகவும் கொம்பாகவும் எடுத்துக் குழம்பும். பழைய அச்சில் வரும் ணை, லை, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் இன்னொரு சிக்கல்.

அவுஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில், இயந்திரம் பிழையாக வாசித்த பத்திரிகை வரிகளை வாசகர்களே வீட்டிலிருந்து திருத்துகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. பழைய அச்சு அவர்களுக்குப் பழக்கம், மரண அறிவித்தலில் வரும் ஊர்ப் பெயரும் உறவுமுறையும் அவர்களுக்குத் தெரியும். உயர்தர மாணவர்களோடு அவர்களை இணைத்து இந்தத் திருத்த வேலையைச் செய்தால், பத்தாண்டில் ஈழநாடு முழுவதையும் சொல் சொல்லாகத் தேடலாம்.

அண்மைக்கால அரசாங்க அறிக்கைகள் கணினியிலேயே பிறந்தவை. ஆகவே அவை பத்திரமானவை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். திணைக்களத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய கோப்புகள் காணாமற்போகின்றன. இருப்பவற்றிலும் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும். பிரதியெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்து விழும். தேடுபொறிக்கு அது தமிழே அன்று. ஒரே ஊரின் பெயர் ஆங்கில அறிக்கையில் கயிற்ஸ், டெல்ஃப்ற் என்றும், தமிழ்ப் பத்திரிகையில் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்றும் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று காண்பதில்லை. ஊர்ப் பெயர் அட்டவணை ஒன்றைத் தயாரித்து அறிக்கையையும் பத்திரிகையையும் அதன்மூலம் கோத்தால் மட்டுமே நான் சொன்ன மேசை அமையும். நூற்பட்டியல் வேலையில் எனக்கு மிக அவசரமாகத் தெரிவது இதுதான்.

ஏன் இரண்டும் சேர வேண்டும் என்பதற்குத் தண்ணீர்க் கதையைவிட நல்ல சாட்சி இல்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். மிதமிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். தொண்டமனாற்றில் தடுப்பு அமைத்து நீரேரிகளை நன்னீராக்கும் யோசனையை 1879இலேயே துவைனம் முன்வைத்ததாகச் சொல்வர். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று பெயர் பெற்ற திட்டத்தை எழுதினார். கனகராயன் ஆறு ஆனையிறவு நீரேரியில் கொண்டுவந்து சேர்க்கும் நீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்று நீரேரிக்கும் கொண்டு சென்று, தொண்டமனாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுத்தால், கிணறுகள் நன்னீராகும் என்பது அதன் சாரம். பகுதி பகுதியாக வேலை நடந்து, நின்று, போரில் சிதைந்து, இன்றும் முடியாத திட்டம். ஒவ்வொரு தலைமுறையும் இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசத் தொடங்குகிறது. முந்திய அளவீடு, முந்திய செலவு மதிப்பீடு, கரையோர மீனவர் எழுப்பக்கூடிய கேள்வி, விவசாயியின் எதிர்பார்ப்பு எல்லாம் வெவ்வேறு காகிதங்களில் வெவ்வேறு ஊர்களில் கிடப்பதே இதற்குக் காரணம்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் இன்னும் கிட்டிய பாடம். 2015 அளவில் ஆய்வுகளும் நிபுணர் குழு அறிக்கையும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. மக்கள் போத்தலில் கிணற்றுநீரைக் கொண்டுவந்து காட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் நாளுக்கு நாள் எழுதின. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியது என்று தீர்த்து 2 கோடி ரூபா இழப்பீட்டுக்கு ஆணையிட்டது. நாளைக்கு ஒரு மாணவர் அறிக்கைகளுள் ஏதேனும் ஒன்றை மட்டும் படித்தால் பிழையான முடிவுக்கு வரலாம். பத்திரிகையை மட்டும் படித்தால் இரசாயன அளவுகள் தெரியாது. எல்லா அறிக்கையும், எல்லா நாளிதழும், தீர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் நடந்தது விளங்கும்.

சட்டம் நமக்கு எதிராக இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்ட, நிருவாக இயல்புடைய உத்தியோகபூர்வ உரைகளுக்கும் அன்றாடச் செய்திக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்புக் கிடையாது என்கிறது. கட்டுரை, கதை, படம் வேறு விடயம். அவற்றுக்கு உரியவர்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தபோது அலுவலகங்களிலிருந்த பதிவேடுகளைக் குறைந்தது பத்தாண்டு பேண வேண்டும் என்றது. 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அந்தப் பத்தாண்டு தீரும் தறுவாயில், எந்தக் கோப்பைக் கழிப்பது என்ற பட்டியல் தயாராகும்போது, நூலகர் ஒருவரும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

இதை வாசிக்கும் பிரதேச செயலாளர்களையும் திணைக்கள அதிகாரிகளையும் நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் அலுவலகம் வெளியிடும் ஒவ்வோர் அறிக்கையின் ஒருங்குறிப் பிரதி ஒன்றை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் நூலக நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். பத்திரிகை நிறுவனங்கள் தங்கள் பழைய தொகுதிகளை மின்வருடத் திறந்துவிட வேண்டும். வீட்டில் ஒற்றை இதழ் வைத்திருப்பவர்கள் கிழிசலுக்குச் செலோ ரேப் ஒட்டாதீர்கள், மடிப்பை இழுத்து நிமிர்த்தாதீர்கள், தேவையான செய்தியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை எறியாதீர்கள். பெட்டியின் அடியில் கிடப்பதை அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். படமெடுத்ததும் உங்கள் தாளை நீங்களே திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.