தூங்கும் இடம் என்று பெயரிட்டவர்கள்



நவம்பர் 2ஆம் நாள் மாலையில் நாம் கல்லறைத்தோட்டத்துக்குப் போகிறோம். அதற்கு முன்பே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து வைக்கிறோம். பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரிக்கும் வரை காத்து நிற்கிறோம். இந்த நாளை ஏறத்தாழ 998ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் குளூனி மடத் தலைவர் தூய ஓதிலோ தம் மடங்களுக்கு ஏற்படுத்தினார். பின்னர் திரு அவை முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் இறந்தோரைக் குறித்த நம் நம்பிக்கையின் கதை அதற்கும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மறுவுலக வாழ்வை எதிர்பார்ப்பதாக ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். இந்த நம்பிக்கை முதல் கிறிஸ்தவர்களின் கைகளையும் கால்களையும் எந்த வேலைக்கு அனுப்பியது என்பதை இன்று பார்ப்போம்.

கி.பி. 51ஆம் ஆண்டை ஒட்டி, தெசலோனிக்க நகரத்துச் சின்னஞ்சிறு சபைக்குத் தூய பவுல் ஒரு கடிதம் எழுதினார். புதிய ஏற்பாட்டு நூல்களில் இதுவே முதலில் எழுதப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த மக்களுக்கு ஒரு பெரிய கவலை. ஆண்டவர் விரைவில் வருவார் என்று காத்திருந்தார்கள். அதற்குள் சிலர் இறந்துவிட்டார்கள். அவர்கள் ஆண்டவரைக் காணாமலே போய்விடுவார்களோ? அழ வேண்டாம் என்று பவுல் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போல் துயருற வேண்டாம் என்றார். இறந்தவர்களைத் துயில்கொண்டவர்கள் என்று குறிப்பிட்டார். இந்த ஆறுதலுக்குச் சற்று முன்னே அவர் சொல்லியிருப்பதை நாம் பலமுறை கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்: அமைதியாக இருந்து, அவரவர் வேலையைப் பார்த்து, சொந்தக் கையால் உழைக்க வேண்டும் என்கிறார். வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க மறுவாழ்வின் பெயரால் அவர் யாருக்கும் அனுமதி தரவில்லை.

துயில் என்ற அந்தச் சொல்தான் கல்லறைக்கே பெயர் கொடுத்தது. கிரேக்கர்கள் இறந்தோர் கிடக்கும் இடத்தை ‘நெக்ரோபொலிஸ்’ என்றார்கள். இறந்தோரின் நகரம் என்று பொருள். கிறிஸ்தவர்களோ ‘கொய்மெத்தேரியோன்’ என்றார்கள், தூங்கும் இடம். ஆங்கிலத்தில் ‘செமிட்டரி’ என்று சொல்லும்போது நம்மை அறியாமலே அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். நம் தமிழிலும் ‘துஞ்சுதல்’ என்பதற்குத் தூங்குதல், இறத்தல் என இரு பொருளும் உண்டு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று சங்கப் புலவர்கள் பாடிய சோழனுக்கே பெயர் இருக்கிறது. ஆனால் துஞ்சியவன் எழுந்திருப்பான் என்ற எண்ணம் அந்தப் பெயரில் இல்லை. கிறிஸ்தவர்கள் அதை எண்ணித்தான் பெயர் வைத்தார்கள்.

உரோமை நகரில் இறந்தோரை நகருக்குள் அடக்கம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே ஆப்பியா சாலை போன்ற பெருவழிகளின் ஓரங்களில் கல்லறைகள் எழுந்தன. செல்வர்களுக்குப் பளிங்கு மண்டபங்கள். நடுத்தர மக்கள் மாதச் சந்தா கட்டி அடக்கச் சங்கங்களில் சேர்ந்தார்கள். ஒன்றும் இல்லாதவனுடைய உடலுக்கு எந்த உறுதியும் இல்லை. இந்த நிலையில்தான் கிறிஸ்தவர்கள் ஒரு பொதுப் பணப்பெட்டி வைத்தார்கள். ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் 197ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாதம் ஒருமுறை, விரும்பியவர்கள், இயன்றதைப் போடுவார்கள். அதிலிருந்து ஏழைகளுக்குச் சோறு, ஏழைகளுக்கு அடக்கம், அனாதைகளுக்கும் வயதான அடிமைகளுக்கும் ஆதரவு. சோறும் அடக்கமும் ஒரே பெட்டியிலிருந்து நடந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில் திருத்தந்தை செப்பிரீனு, ஆப்பியா சாலையில் இருந்த திரு அவையின் கல்லறையைக் கவனிக்கும் பொறுப்பைக் கலிஸ்து என்ற திருத்தொண்டரிடம் கொடுத்தார். இந்தக் கலிஸ்து ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். 217இல் அவரே திருத்தந்தையானார்! அவர் பெயர் தாங்கிய அந்தச் சுரங்கக் கல்லறையை இன்றும் திருப்பயணிகள் பார்க்கிறார்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்க வழிகள் உண்டு. (கிறிஸ்தவர்கள் அங்கே ஒளிந்து குடியிருந்தார்கள் என்று திரைப்படங்கள் காட்டுவது சரியல்ல. அது இறந்தோருக்கான இடம், செபிக்கத்தான் போனார்கள்.) எரிமலைச் சாம்பலால் ஆன மென்பாறையைக் குழிவெட்டுகிறவர்கள் விளக்கொளியில் குடைந்தார்கள். சுவரில் ஓர் உடல் அளவுக்குப் பொந்து. அதன் மேல் இன்னொன்று. வாயை மூட ஓடு அல்லது பளிங்குப் பலகை. பலவற்றில் பெயரும் ‘அமைதியில்’ என்ற ஒரு சொல்லும்தான் உண்டு. அடிமை, விடுதலை பெற்ற அடிமை என்று நிலையைக் குறிக்கும் சொற்கள் அந்தக் கல்வெட்டுகளில் மிக அரிது. எல்லாரும் முழுக்கச் சமமாயிருந்தார்கள் என்று நாம் மிகைப்படுத்த வேண்டாம். பணக்காரக் குடும்பங்களுக்குத் தனி அறைகளும் ஓவியங்களும் அங்கே உண்டு. என்றாலும் அதே நடைவழியில், அதே மண்ணில் அடிமையும் கிடந்தான்.

நம் தமிழகத்தில் சில கல்லறைத்தோட்டங்களின் நடுவே இன்னும் சுவர் நிற்கிறது. தலித் மக்களின் குழிகள் ஒரு பக்கம், மற்றவர்களுடையவை மறுபக்கம். வேறு சில ஊர்களில் கோயில் வரி பாக்கியைச் சொல்லி, பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பேரம் நடக்கிறது. உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று அறிக்கையிடும் வாய்தான் இதையும் பேசுகிறது. அந்தச் சுவரைக் கட்டியவர்கள் வரும் நாளில் ஆண்டவர் எந்தப் பக்கமாக வருவார் என்று நினைத்தார்களோ, நமக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் பெரிய கொள்ளைநோய் ஒன்று உரோமைப் பேரரசு முழுவதும் பரவியது. 252ஆம் ஆண்டை ஒட்டிக் கார்த்தேஜில் தெருவெங்கும் பிணங்கள் கிடந்தன. அந்நகரின் ஆயர் தூய சிப்பிரியான். பேரரசர் தேசியு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காயம் அப்போது இன்னும் ஆறவில்லை. சிப்பிரியான் மக்களைக் கூட்டிப் பேசியதை அவருடைய திருத்தொண்டர் போந்தியு எழுதிவைத்திருக்கிறார். நம்மவர்களை மட்டும் கவனித்தால் அதில் பெரிதாக என்ன இருக்கிறது, நம்மைத் துன்புறுத்தியவர்களையும் கவனிக்க வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். பணம் உள்ளவர்கள் பணம் தந்தார்கள். இல்லாதவர்கள் உடலுழைப்பைத் தந்தார்கள்.

ஆனால் விசுவாசிகள் சிலருக்கு ஒரு மனக்குறை. நாம் நல்லவர்களாய் இருந்தும் பிற சமயத்தாரைப் போலவே நோய் நம்மையும் கொல்கிறதே என்று கலங்கினார்கள். கொரோனா காலத்தில் நம் வீடுகளிலும் கேட்ட கேள்வி இது. சிப்பிரியான் மழுப்பவில்லை. இந்த உடலில் இருக்கும் வரை எல்லாருக்கும் வருவது நமக்கும் வரும் என்று நேராகவே எழுதினார். இறந்த உடன்பிறப்புகள் தொலைந்துபோகவில்லை, நமக்கு முன்னே அனுப்பப்பட்டிருக்கிறார்கள் என்பதே அவர் தந்த ஆறுதல். 258 செப்டம்பர் 14 அன்று அவரும் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார்.

அலெக்சாந்திரியா நகரின் ஆயர் தியோனீசியு 260ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய கடிதம் ஒன்றும் இன்று கிடைக்கிறது. நோயாளிகளின் அருகில் இருந்தவர்கள், இறந்தவர்களின் கண்ணையும் வாயையும் மூடி, குளிப்பாட்டி, துணி உடுத்தி, தோளில் சுமந்தார்கள். சில நாளில் அவர்களுக்கே அதே வேலையை வேறு சிலர் செய்ய வேண்டி வந்தது. குருக்கள், திருத்தொண்டர்கள், பொதுநிலையினர் எனப் பலர் இப்படி மடிந்தார்கள். இதை மறைசாட்சியத்துக்குக் குறையாததாகவே அவர் மதித்தார்.

ஆயர்கள் தம் மக்களைப் புகழ்வது இயல்புதானே என்று யாராவது கேட்கலாம். எதிரியின் சாட்சியமும் உண்டு. நூறு ஆண்டுகள் கழித்து, கிறிஸ்தவத்தை விட்டு விலகிய பேரரசர் யூலியன், கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரிக்கு 362ஐ ஒட்டி எரிச்சலோடு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கூட்டம் வளர்வதற்கு அவர் காட்டிய காரணங்கள்: அந்நியருக்கு உதவுவது, இறந்தோரின் அடக்கத்தைக் கவனிப்பது, ஒழுக்கமாக வாழ்வதாகக் காட்டிக்கொள்வது. நாமும் ஊர்தோறும் விடுதி அமைப்போம் என்று கோதுமையும் திராட்சை இரசமும் ஒதுக்கினார். 363இல் பாரசீகப் போரில் இறந்துபோனார்.

நம் கல்லறைத்தோட்டங்களின் ஓரத்தில் சிலுவை சாய்ந்து, பெயர்ப்பலகை இல்லாமல் சில மண்மேடுகள் கிடக்கும். வெளியூருக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள், வாரிசு இல்லாதவர்கள், வேலைக்கு வந்த இடத்தில் இறந்தவர்கள். இந்த வார அன்பியக் கூட்டத்தில் அந்தக் குழிகளை எந்தத் தெருவார் துப்புரவு செய்வது, படுக்கையில் கிடக்கும் முதியவர்களை யார் யார் முறைவைத்துப் பார்ப்பது என்று பேசி, பெயர்களை எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிடுவோம்.