கண்டி முழவும் ஒலியளவுமானியும்

கண்டி மாநகரில் எசல பெரஹரா புறப்படும் இரவில், தலதா மாளிகையின் முன்றிலில் கெட்ட பெரய, தவுல, தம்மட்டம என்னும் முழவுகள் ஒருங்கே முழங்கும். நேரில் நின்று கேட்பவரின் செவி அம்முழக்கத்திற்குத் தானே இசைந்துகொள்ளும். வானொலிக் கருவியோ அவ்வாறு இசையாது. ஒலி மிகுந்தால் சிதையும். குறைந்தால் இரைச்சலில் மூழ்கும். ஆகவே ஒலியைக் கண்ணாற் கண்டு அளக்கும் மானி வேண்டியதாயிற்று.

இலங்கையில் வானொலி 1925-ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலே தொடங்கிற்று. அக்காலத்தில் உலகெங்கும் பொதுவான ஒலியளவுமானி இல்லை. ஒரு நிலையத்தின் மானி காட்டிய அளவு மற்றொன்றோடு பொருந்தவில்லை. கம்பி வழியே வந்த நிகழ்ச்சி பழுதுபட்டால், பிழை அனுப்பியவரதா, பெற்றவரதா என்று துணிய வழியில்லை. இக்குறை நீங்க, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடமும் என்.பி.சி., சி.பி.எஸ். ஆகிய ஒலிபரப்பு நிறுவனங்களும் கூடி, 1939-இல் 'வி.யு.' மானியை வகுத்தன.

1944-இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம், கண்டியை அடுத்த பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அப்படைவீரர்க்கென எழுந்த 'ரேடியோ சியாக்' நிலையத்தின் கருவிகள் 1949-இல் இலங்கை வானொலிக்கு உரிமையாயின. அவற்றின் ஆற்றலால் இலங்கையின் ஒலி கடல் கடந்தும் சென்றது. ஒலி செல்லும் தொலைவு பெருகவே, அதனை அளக்கும் முள்ளின் நேர்மையும் இன்றியமையாததாயிற்று.

அந்நேர்மையைச் சோதிக்கச் சில தடைகளே போதும். வி.யு. மானியின் தடை 3,900 ஓம். அதன் முன்னே தொடராக 3,600 ஓம் தடை இணைக்கப்பெறும். இவ்விணைப்புக்கு 1.228 வோல்ட் அளவுள்ள, மாறாத தொனியைக் கொடுத்தால், முள் சுழியில், அதாவது நூறு விழுக்காட்டுக் குறியில் நிற்கவேண்டும். அடுத்து, 100 ஓம் தடைகள் இரண்டினைத் தொடராக்கி, அதே 1.228 வோல்ட்டை அவற்றின் குறுக்கே நிறுத்தி, ஒரு தடையின் இரு முனைகளிலிருந்து மானிக்கு இணைப்புக் கொடுக்கவேண்டும். அழுத்தம் பாதியாகும், முள் ஐம்பது விழுக்காட்டில் நின்றால் மானி மெய் சொல்கிறது. மானி இணைப்பின் மொத்தத் தடையாகிய 7,500 ஓமுக்கு முன் 100 ஓம் மிகச் சிறிது. ஆதலால் மானி இழுக்கும் மின்னோட்டம் அப்பங்கீட்டைப் பெரிதும் குலைப்பதில்லை.

எனினும், செம்மை செய்யப்பெற்ற முள்ளும் ஓர் எல்லைக்குள்ளேயே மெய் பேசும். வி.யு. மானியின் முள் தன் நிலையை அடைய ஏறத்தாழ 0.3 செக்கன் கொள்ளும். தம்மட்டத்தின்மேல் கோல் பட்டு எழும் உச்ச ஒலி அதற்குள் எழுந்து அடங்கிவிடும். முள் அமைதியாக ஆடிக்கொண்டிருக்க, ஒலி சிதைந்துவிடும். இத்தகைய உச்சங்களைப் பிடிக்கவே பிரித்தானியாவின் பி.பி.சி. பொறியியலாளர் 1930-களில் விரைந்தெழும் உச்சமானியை ஆக்கினர்.

தடைகளால் முள்ளைத் திருத்தலாம். ஆயின் அம்முள் காணாததையும் உணர்ந்து அளவைத் தாழ்த்திவைக்கும் மதிநுட்பம் மனிதருக்கே உரியது. அது வாய்த்தபோதே கண்டி முழவு தன் மிடுக்குக் குன்றாமல் தொலைவிலுள்ளார் செவியை எட்டும்.