போரில் விலக்கு, வேட்டையில் விதி

கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் ஒரு துப்பாக்கிக் குண்டு உருவாயிற்று. முனையில் உறையின்றி உள்ளீயம் வெளித்தெரிய அமைந்த அது, உடலிற் பட்டதும் விரிந்து பெருங்காயம் விளைத்தது. காயமுற்ற வீரன் களத்தை விட்டகன்றாற் போதும், அவனை வீணே வதைத்தலாகாது என்று கருதிய நாடுகள், 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில், விரியும் குண்டுகளைத் தம்மிடையேயான போரில் விலக்குவதாகப் பிரகடனஞ் செய்தன.

மான் வேட்டையிலோ நியாயம் தலைகீழாகின்றது. முழுவதும் உறையிட்ட குண்டு விரியாமல் ஊடுருவிச் சென்றால், மான் காயத்தோடு ஓடிக் காட்டினுள் நெடுநேரம் துடித்து மடியக்கூடும். விரியும் குண்டு விரைவில் உயிர் போக்கும். ஆதலின், இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மானைச் சுடுவோர் மென்முனை அல்லது குழிமுனைக் குண்டையே பயன்படுத்த வேண்டுமென விதிக்கின்றது. விலக்கும் விதியும் கருதியது ஒன்றே: எவ்வுயிரும் தேவைக்கு மேல் துன்புறலாகாது.