நிரலுக்குள் ஒரு மொழி, கோப்புக்குள் ஒரு மொழி

கேலாங்கில் கட்டுமானத் தளமொன்றின் வேலியில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையில் நான்கு மொழிகளும் ஒருங்கே நிற்கின்றன. கணினித் திரையில் அவ்வாறு நிற்க இயலாது. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். எது பேசும் என்பது எவ்வாறு முடிவாயிற்று?

சி மொழியில் நிரல் எழுதுவோர் 'கோப்பைக் காணவில்லை' போன்ற செய்திகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினர். எக்ஸ்/ஓப்பன் வகுத்த பழைய முறையில் செய்திதோறும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைக் கொண்டு செய்திப் பட்டியலில் மொழிபெயர்ப்புத் தேடப்படும். 1995இல் உல்ரிச் டிரெப்பர் எழுதத் தொடங்கிய குனு கெட்டெக்ஸ்ட், சன் நிறுவனம் முன்பே கையாண்ட வேறொரு வழியைப் பின்பற்றியது. அதில் எண் இல்லை. ஆங்கில வாக்கியமே திறவுகோல். தமிழாக்கம் கிடைக்காவிடில் அவ்வாக்கியமே திரையில் தோன்றும். ஆங்கிலத்துக்குத் தனிப்பட்டியல் தேவைப்படவில்லை. அது நிரலுக்குள்ளேயே குடியிருந்தது.

தமிழ்ப் பட்டியல் கணினியில் இருந்தால் மட்டும் போதாது. நிரல் தொடங்கும்போது 'செட்லோக்கேல்' என்னும் கட்டளை பயனரின் மொழியைக் கேட்டறிய வேண்டும். 'டெக்ஸ்ட்டொமைன்' என்னும் கட்டளை எப்பட்டியல் இயல்பானது என்று பெயர் சுட்ட வேண்டும். சுட்டாவிடில் 'மெசேஜஸ்' என்னும் பொதுப்பெயர் கொண்ட பட்டியலே தேடப்படும். இவ்விரு வரிகளை நிரலர் மறந்தால், மொழிபெயர்த்தவரின் பல மாத உழைப்பும் எவர் கண்ணிலும் படாது. இலக்கணப் பிழையைவிட இது கொடிது என்பேன். பிழையையேனும் எவரேனும் காண்பர்.

அதே 1995ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். நா. கோவிந்தசாமியின் முயற்சியால் அதில் தமிழும் இடம்பெற்றது. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இங்குக் கூடியது. 2000 ஜூலையில் உத்தமம் இங்கேயே பிறந்தது. அக்காலத்துப் பெருங்கவலை எழுத்துருவும் குறியேற்றமுமே. அதில் தவறில்லை, எழுத்தே தோன்றாத திரையில் செய்திப் பட்டியலுக்கு என்ன வேலை?

எனினும் ஒரு குறை தங்கிவிட்டது. லினக்ஸ் கணினிகளின் குனு சி நூலகத்தில் சிங்கப்பூருக்கென ஆங்கிலமும் சீனமும் உண்டு. தமிழுக்கு இந்தியாவும் இலங்கையும் மட்டுமே உண்டு. ஆகவே நம் மாணவர் இந்தியத் தமிழைத் தேர்ந்தால், தனியே மாற்றாதவரை, நாணயக்குறியும் ரூபாயாகிவிடும். செய்திகளுக்கு அத்தடை இல்லை. நாட்டுப்பெயருடைய பட்டியல் இல்லையெனில், நாட்டுப்பெயரின்றித் 'தமிழ்' என்று மட்டும் குறிக்கப்பட்ட பட்டியலை நிரல் தேடும். அத்தகைய பட்டியல் ஒன்று யாழ்ப்பாணத்தில் தொகுக்கப்பட்டாலும் மதுரையில் தொகுக்கப்பட்டாலும், கேலாங்கிலுள்ள கணினியிலும் பேசும்.