வீட்டில் படித்த கணக்கு

1826 மார்ச்சில் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பில் ஓர் எண் என்னை விடாமல் இழுக்கும். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று கலெக்டர்கள் கணக்கு அனுப்பியிருந்தார்கள். சென்னைப் பட்டணத்திலோ, வீட்டிலேயே பாடம் கேட்பவர்கள் மட்டும் ஏறக்குறைய 27 ஆயிரம் பேராம். பட்டணத்துப் பள்ளிகளில் படித்தவர்களைப்போல் ஐந்து மடங்கு! மன்றோவுக்கே நம்பிக்கை வரவில்லை, எங்கோ பிழை என்றார். ஆனால் மற்ற ஜில்லாக்களிலும் வீட்டுப் படிப்பு உண்டு, அது கணக்கில் வரவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்.

அந்தப் பிள்ளைகள் படித்த கணக்கு பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக் கணக்காகத்தான் இருந்திருக்கும். அதாவது எண்சுவடி. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்று நெல் அளவை ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டும். பிறகு கீழ்வாய் இலக்கம், அதாவது பின்ன வாய்பாடு. அங்கேதான் அழுகை. முக்காலை முக்காலால் பெருக்கினால் அரையும் வீசமும் (1/16) என்று மூச்சு விடாமல் வர வேண்டும். போட்டுப் பாருங்கள், 9/16, சரியாக இருக்கும்.

வெறும் மனப்பாடம் என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முந்திரி என்ற 1/320ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வீசம் 20 முந்திரி, மா 16, காணி 4. பாதி பாதியாகக் குறையும் கால், அரைக்கால், வீசமும், இருபதில் ஒன்றான மாவும் ஒரே அளவில் மிச்சமின்றி அடங்குகின்றன. வீசத்தில் ஒரு மா போனால் காணி. பகுதியைச் சமப்படுத்தும் வேலையே இல்லை! பள்ளியில் முப்பது வருஷம் பின்னம் நடத்திய எனக்கு இது பொறாமையாக இருக்கிறது. அதற்காக அந்தக் காலத்தைக் கொண்டாடவும் மனமில்லை. மன்றோ திரட்டிய கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம்.

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் இரண்டு பிள்ளைகள் இப்போது என்னிடம் கணக்கும் அறிவியலும் கற்கிறார்கள். காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணித நூலில் பலாப்பழத்தை வெட்டாமல் சுளையை எண்ண ஒரு வழி உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பழம் வாங்கிச் சோதித்தோம். விடை ஒத்துவரவில்லை. பெரியவள் சூத்திரம் தப்பு என்றாள். சின்னவன் விடவில்லை: “காம்பைச் சுத்தின்னா எத்தனை வரிசை சார்? நீங்க ஒரு வரிசைதானே எண்ணினீங்க?” சுவடியில் அதற்கு விளக்கம் இல்லை. அடுத்த பழத்தில் இரண்டு வரிசைகளைத் தனித்தனியாக எண்ணி எழுதுவதென்று முடிவு. சுளை எண்ணி முடியும்வரை யாரும் வாயில் போடக் கூடாது என்பது பெரியவள் போட்ட சட்டம்.