ரிசானாவின் இரண்டு பிறந்த திகதிகள்

ரிசானா நபீக்கின் பெயரை உங்களில் அநேகமானவை பாடசாலையில் கேட்டிருப்பீங்கள். "பொம்பிளைப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பாதேங்கோ" எண்ட புத்திமதியோடதான் அந்தப் பெயர் வரும். அதை வரலாறாகச் சொல்லிக்கொடுக்கிறதெண்டால், புத்திமதியை விட்டுட்டுக் கடவுச்சீட்டில் இருந்து தொடங்கவேணும்.

மூதூர்ப் பிள்ளை. தகப்பன் விறகு வெட்டிப் பிழைத்தவர். பிறப்புச் சான்றிதழில் 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டில் 1982 பெப்ரவரி 2. 2005 மே மாதம், 17 வயதுப் பிள்ளை 23 வயதுப் பெண்ணாகச் சவூதியில் இறங்கினார். வீட்டு வேலைக்கெண்டு போனவரின் தலையில், நாலு மாதக் குழந்தைக்குப் போத்தல் பால் கொடுக்கிற வேலையும் விழுந்தது. அதே மாதம் 22ஆம் திகதி அந்தக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றார் ரிசானா. கழுத்தை நெரித்தார் என்றது வழக்கு. விசாரணையில் அவருக்குச் சட்டத்தரணி இல்லை. அங்கே பெறப்பட்ட வாக்குமூலத்தைப் பிறகு அவர் மறுத்தார். 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டப்பட்டது.

18 வயதுக்குக் குறைந்தவர் செய்த குற்றத்துக்கு மரணதண்டனை கூடாது என்கிற சிறுவர் உரிமைச் சமவாயத்தில் சவூதி 1996லேயே சேர்ந்துவிட்டது. வேலை எடுக்கிறதுக்காகக் கூட்டின ஆறு வருசம்தான் அந்தப் பாதுகாப்புக்குக் குறுக்கே நின்றது.

பிறகு எங்கட அரசு என்ன செய்தது? 2013இலேயே சவூதிக்குப் போகும் வீட்டுப் பணிப்பெண்ணின் வயதை 25 ஆக்கியது. குடும்பப் பின்னணி அறிக்கையையும் கொண்டுவந்தது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் தாய் அப்போது போக ஏலாமல் இருந்தது. தகப்பனுக்கு அப்படி ஒரு அறிக்கையும் இருக்கவில்லை! அறிக்கை கிடைக்காத பெண்கள் விசிட் விசாவில் போனார்கள், திரும்பவும் தரகரின் கையால். பொய்க் கடதாசியால் செத்த பிள்ளைக்குப் பதிலாக, இன்னும் பொய்க் கடதாசி தேவைப்பட்ட ஒரு சட்டம். எனக்கு அது இப்பவும் விளங்கவில்லை.

சவூதியின் 2005 தொழிற்சட்டம் வீட்டு வேலையாட்களைச் சேர்க்கவேயில்லை. ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியால ஓய்வு எண்ட விதி 2013 ஜூலையில்தான் வந்தது, ரிசானா போய் ஆறு மாதத்துக்குப் பிறகு.

ரியூசன் எடுக்கிறவை, இளைஞர் கழகத்தில் வகுப்பு வைக்கிறவை, அந்த இரண்டு திகதிகளையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, முதலாவது இரண்டாவதாக மாற யார் யாருடைய கை பட்டிருக்கவேணும் எண்டு பிள்ளைகளையே கேளுங்கோ.