இறையழைத்தல் (பழவேற்காட்டு மீனவக் குப்பங்கள்)

மனித வாழ்வுக்குக் கடவுள் வகுத்த நோக்கம் ஒன்று உண்டு, அதைக் கண்டுகொண்டு அதன்படி நடப்பதே வாழ்வு என்னும் கிறித்தவக் கொள்கை இறையழைத்தல் எனப்படும். பழைய கத்தோலிக்க நூல்களில் இது தேவ அழைத்தல். சீர்திருத்தச் சபையார் கர்த்தருடைய சித்தம் என்பர். பெந்தெகொஸ்தே சபைகளில் அழைப்பு என்ற சொல்லே மிகுதி. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரையிலும் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டிலும் அமைந்த குப்பங்களில் இக்கொள்கைக்கு ஐந்து நூற்றாண்டு வரலாறு உண்டு.

வகைகள்

அழைத்தலை மூன்றாகப் பகுத்துக் காண்பது வசதியானது. முதலாவது துறவழைத்தல். குருவாகவோ அருட்சகோதரியாகவோ ஆவதற்கான அழைப்பு இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்பு கத்தோலிக்கக் குடும்பங்களில் தேவ அழைத்தல் என்றாலே இதுதான் பொருள். ஒரு பிள்ளைக்கு அழைத்தல் வந்தது என்றால் அவன் குருமடத்துக்குப் போனான் என்று விளங்கிக்கொள்வார்கள். வலையோடு கரையில் நின்ற அண்ணன் தம்பிகளுக்கு அழைத்தல் என்று ஒன்று இருப்பதாக யாரும் பேசியதில்லை. உயிர்ப்புக் காலத்தின் நான்காம் ஞாயிற்றை இறையழைத்தல் ஞாயிறாகக் கொண்டாடும் வழக்கம் 1964இல் தொடங்கியது. அன்று செய்யப்படும் மன்றாட்டும் பெரும்பாலும் குருக்கள், துறவியர் எண்ணிக்கை பெருக வேண்டும் என்பதே.

இரண்டாவது தொழிலழைத்தல். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் இதனை வற்புறுத்தினார். துறவியின் செபம் மட்டும் இறைப்பணி அன்று. தைப்பவன், உழுபவன், பிள்ளையைக் குளிப்பாட்டும் தாய் ஆகியோர் தத்தம் வேலையால் அயலாருக்குச் செய்யும் உதவியும் இறைப்பணியே என்றார். கத்தோலிக்கத் திருச்சபை இந்த இடத்துக்கு வந்துசேர ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆயின. 1964இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் ஐந்தாம் இயல், புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லா நிலையினருக்கும் பொது என்கிறது.

மூன்றாவது மனமாற்ற அழைப்பு. இன்ன நாளில், இன்ன கூட்டத்தில் தன் வாழ்க்கை திரும்பியது என்று ஒருவர் சுட்டிச் சொல்லக்கூடியது இது. ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தின் தலைவர் பிராங்கே 1687இல் தமக்கு நேர்ந்த மனமாற்றத்தை இவ்வாறே எழுதிவைத்தார். அவர் வழிவந்தவர்களே 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரிகள். இன்றைய பெந்தெகொஸ்தே சபைகளில் சாட்சி சொல்லுதல் இந்த வகையைச் சேரும். குடி, கடன், தீராத நோய் என்று தொடங்கி, யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து செபித்ததில் திரும்பி, இரட்சிப்பில் முடியும். இதன் அமைப்பு எல்லாக் கரைகளிலும் ஏறக்குறைய ஒன்றே.

விவிலியச் சான்று

அழைத்தலுக்கு எடுத்துக்காட்டாகத் திருச்சபை முதலில் காட்டுவது ஏரி மீனவர்களை. லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் கெனேசரேத்து ஏரிக்கரையில் நடக்கிறது. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாமல் விடியற்காலையில் கரையேறி வலை அலசிக்கொண்டிருந்தவர்களே பேதுருவும் அவருடைய கூட்டாளிகளும். இரவுத் தொழிலின் அலுப்பையும், வெறும் வலையையும் அலசித்தான் ஆகவேண்டும் என்பதையும் பழவேற்காட்டாருக்கு விளக்கவுரை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. மீன் பெருக அகப்பட்ட பின் அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்சென்றனர் என்று அக்கதை முடிகிறது. துறவழைத்தலைப் பற்றிப் பேசுவோர் பிடித்துக்கொள்வது இந்த முடிவை.

ஆனால் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் அதே பேதுரு மீண்டும் மீன்பிடிக்கப் போகிறார். 153 பெரிய மீன்கள் அகப்படுகின்றன; கரையில் கரிநெருப்பின் மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது; ஆடுகளைப் பேணும் பொறுப்பு அந்தக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேதுருவிடம் ஒப்படைக்கப்படுகிறது. விட்டுப் போனவரை அவர் விட்டுவந்த தொழிலிலேயே தேடிப் பிடித்த கதை இது. மீனவக் குப்பத்துக்கு இந்த இரண்டாம் கதையே பொருந்தும்.

வரலாறு: போர்த்துக்கீசர்

பழவேற்காடு விசயநகர அரசின் முதன்மையான துறைமுகங்களுள் ஒன்று. இங்கிருந்து வண்ணம் தீட்டிய துணிகள் மலாக்காவுக்குச் சென்றன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் சோழமண்டலக் கரையில் முதலில் குடியேறிய ஊர் இது. அவர்கள் மகிழ்ச்சி மாதா பெயரில் எழுப்பிய கோயிலே இன்று மகிமை மாதா திருத்தலம் எனப்படுவது. சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தின் மிகப் பழைய கோயில். 1515ஆம் ஆண்டைத் திருத்தலம் தன் தொடக்கமாகக் கொள்கிறது. அதுவே இங்கும் கொள்ளப்படுகிறது.

இக்கோயிலைப் போலவே முக்கியமானது 1517ஆம் ஆண்டு நிகழ்ச்சி. மலாக்காவிலிருந்து திரும்பிப் பழவேற்காட்டில் இறங்கிய தியோகோ பெர்னாந்திசு முதலிய போர்த்துக்கீசரை ஆர்மீனிய வணிகர் ஒருவர் மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று, தோமையாரின் கல்லறை இருந்ததாகச் சொல்லப்பட்ட பாழடைந்த கட்டடத்தைக் காட்டினார். சாந்தோம் குடியிருப்பு அதன் பின்னரே வளர்ந்தது. போர்த்துக்கீச வணிகர் பலர் பழவேற்காட்டை விட்டு அங்கே பெயர்ந்தனர். 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமானது. மயிலாப்பூருக்கு வழிகாட்டிய ஊர் மயிலாப்பூராலேயே பின்தள்ளப்பட்டது எனலாம்.

பழவேற்காட்டில் தங்கிய போர்த்துக்கீசர் பெரும்பாலும் கோவா அரசின் கட்டுக்கு எட்டாமல் தனி வணிகம் செய்ய வந்தவர்கள். முத்துக்குளித்துறையில் நடந்ததோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே 1535–37இல் பரதவர் சாதித்தலைவர்களோடு ஒட்டுமொத்தமாகத் திருமுழுக்குப் பெற்றனர்; 1542இல் பிரான்சிசு சவேரியார் வந்தார்; 1578இல் என்றிக்கு என்றிக்கசு பாதிரியார் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்கத் தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், அம்மீனவர்களுக்காகவே உருவானது. தான் ஏன் பிறந்தேன் என்று கேட்கும் மீனவனுக்கு மறுமொழி சொல்ல அங்கே அச்சுப் புத்தகம் இருந்தது. வட சோழமண்டலத்து மீனவரான பட்டினவர் ஒட்டுமொத்தச் சாதியாக மதம் மாறவில்லை. இங்கே கிறித்தவம் குப்பம் குப்பமாக, இந்துக் குப்பங்களுக்கு இடையே தனித்தனியே நின்றது.

வரலாறு: டச்சுக்காரர்

1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்தது. 1612இல் சாந்தோம் போர்த்துக்கீசர் அதைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டு கம்பெனி அதிகாரி வெம்மர் வான் பெர்க்கெம் கோட்டை கட்டித் தம் சொந்த மாநிலத்தின் பெயரால் கெல்திரியா என்று அழைத்தார். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் இதுவே. துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து சென்றன, அடிமைகளும் சென்றனர்.

கம்பெனியின் சபை கால்வினியச் சீர்திருத்தச் சபை. அதன் பாடநூலான ஐடெல்பெர்க்கு வினாவிடை (1563) 129 வினாக்கள் கொண்டது. வாழ்விலும் சாவிலும் ஒருவனுக்கு உள்ள ஒரே ஆறுதல் எது என்பது முதல் வினா. தான் தனக்குச் சொந்தமல்லன், கிறித்துவுக்குச் சொந்தம் என்ற கருத்தில் விடை தொடங்கும். இதைக் கற்பித்த கம்பெனியே பஞ்ச காலங்களில் விலைபோன மனிதரைப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்கள் யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு அந்த வினாவிடையில் இடம் தேடப்படவில்லை.

1632 முதல் 1642 வரை இங்கே போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரொகேரியசு. லைடன் நகரில் கம்பெனிப் போதகர்களுக்காக நடந்த செமினாரியில் இறையியலார் வாலேயசிடம் பயின்றவர். கோட்டையில் அடைக்கலம் புகுந்திருந்த பத்மநாபன் என்ற பிராமணரிடம் போர்த்துக்கீச மொழி வழியாகக் கேட்டறிந்தவற்றை அவர் எழுதினார். அவர் 1649இல் இறந்த பின், 1651இல் லைடனில் வெளியான அந்நூல், ஐரோப்பியர் இந்து சமயத்தைப் பற்றி எழுதிய தொடக்ககால நூல்களில் தலைசிறந்தது. பர்த்ருஹரியின் நீதி, வைராக்கிய சதகங்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதலில் பெயர்ந்தது அதில்தான். பிற்காலத்தில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்டர் அதைப் படித்துப் பயன்படுத்தினார். வைராக்கிய சதகம் வாழ்வின் பொருளைத் தேடும் நூல். கிறித்தவப் போதகர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டது பொருத்தமே. ஆயினும் பத்தாண்டு கேட்டறிந்ததெல்லாம் கோட்டைக்குள் இருந்தவரின் ஞானம். சுவருக்கு வெளியே வலை உலர்த்தியவர்கள் எதை நம்பினார்கள் என்பது அந்நூலின் பொருளன்று.

டச்சுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன; மணற்கடிகாரமும் செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே கருங்கற் பலகைகளில் குடும்பச் சின்னங்களோடு டச்சு எழுத்துகள், இறந்தவரின் பதவி, வயது. வாழ்வு சிறிது, கணக்குக் கொடுக்க நேரும் என்ற 17ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தச் சமயத்தை இத்தனை வெளிப்படையாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் குறைவு.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது லூத்தரன் மிஷனரி பிலிப்பு பெப்ரிசியசு பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியவரும், 1779இல் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்டவரும், வேத மொழிபெயர்ப்பால் அறியப்பட்டவரும் இவரே. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு இறுதியாக வந்தது. இரண்டு நூற்றாண்டு இருந்த டச்சுக்காரர் விட்டுச்சென்றது கல்லறையை. அவர்களுக்கு முன் வந்து விரைவில் பின்வாங்கிய போர்த்துக்கீசர் விட்டுச்சென்றது வழிபாடு நடக்கும் கோயிலை.

பாடு முறை

ஏரியில் இறால் பிடிக்கும் உரிமையைப் பங்கிடும் முறைக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று பட்டினவர் ஊர்கள் இதில் உரிமையுடையவை. மாதாகுப்பம் கத்தோலிக்கர் ஊர். முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டத்தில் கழிகளை நட்டுச் சுத்துவலை கட்டுவார்கள். நீர் கடலுக்கு வற்றும்போது இறால் வலையில் சேரும். எல்லா இடத்திலும் ஓட்டம் ஒன்றல்ல. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காதபடி சீட்டுப் போட்டு, முறை வைத்து, இடம் மாற்றிக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பத்து இந்துவுக்கும் மாதாகுப்பத்துக் கத்தோலிக்கருக்கும் விதி ஒன்றே.

சீட்டின் மூலம் இறைவிருப்பத்தை அறிவது கிறித்தவத்துக்குப் புதிதன்று. யூதாசின் இடத்துக்கு மத்தியா சீட்டினால் தெரிந்தெடுக்கப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொராவிய சகோதரர்கள் திருமணத்தையும் ஊழியப் பயணத்தையும்கூடச் சீட்டுப் போட்டே முடிவு செய்யும் சபையினர். அவர்கள் சீட்டெடுத்தது கடவுள் தங்களுக்கு வகுத்ததை அறிய. குப்பத்தார் எடுப்பது தன் முறை எது, அடுத்தவன் முறை எது என்று அறிய. வாழ்வின் நோக்கத்தைத் தனியொருவனின் தேடலாகப் பேசும் இக்கால நூல்கள், 2002இல் வெளிவந்து உலகெங்கும் விற்ற ரிக் வாரனின் நூல் உட்பட, இந்த இரண்டாம் வகைச் சீட்டைக் கருதுவதில்லை.

பாடு முறையில் இடமில்லாத தலித், முசுலிம் மீனவர்களும், தண்ணீருக்குள் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளரும் தங்களுக்கும் ஏரியில் பங்கு கேட்டு நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். எனினும் ஏரி ஒரேயடியாக வாரப்படாமல் காத்தது பாடு முறையே.

இன்றைய நிலை

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிறு, ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடித் தூர்ந்துபோகிறது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் விரிவாக்கத்தை மீனவர் எதிர்க்கின்றனர். இளைஞர் பலர் ஆலை வேலைக்குப் போகின்றனர். மனமாற்ற அழைப்பைச் சாட்சியாகச் சொல்லும் பெந்தெகொஸ்தே சபைகளும் வீட்டுக் கூட்டங்களும் உள்ளன. மகிமை மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் உண்டு; பிற சமயத்தாரும் வருவர்.